முப்பத்தேழாம் எண்ணுக்கு எத்தனை மதிப்பெண்?

புனே
12.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இங்கே மழை பிடித்துக்கொண்டது, துவைத்த துணி காயாமல் நாறுகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் மாமாவும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

இந்தக் கடிதத்தோடு ஒரு பெரிய பார்சலும் வந்திருக்கும். பிரித்தவுடன் என்னைத் திட்டாதே. உள்ளே அறுபது படிவங்கள் இருக்கின்றன. கிரிவலப் பாதை குறைகேட்பு மையத்துக்குப் போன வருடம் வந்த மனுக்களில் அறுபதைக் குலுக்கிப் போட்டு எடுத்திருக்கிறேன். தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை என்று மனு கொடுத்தவர்கள் அவர்கள். அறுபதுமே ‘தீர்ந்தது’ என்று மூடப்பட்டவை. உண்மையில் தீர்ந்ததா என்று அவர்களையே கேட்க வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல். ஐந்து என்றால் முழுத் திருப்தி. அதன்பிறகு அவர்கள் பேசுவதைக் கேட்டுப் பின்பக்கத்தில் எழுது. எண் மட்டும் கொண்டுபோனால் என் நெறியாளர் ‘இது கணக்குப் பாடம்’ என்கிறார். பேச்சை மட்டும் கொண்டுபோனால் ‘இது கதை’ என்கிறார். இரண்டையும் கலந்தால்தான் ஆராய்ச்சியாம்.

நானே வந்து செய்ய வேண்டிய வேலை. தை வரைக்கும் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் லீவு தரமாட்டார்கள். டிசம்பருக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் பதிவு காலாவதியாகிவிடும். ஐந்து வருடம் வீணாகும். உன்னை விட்டால் எனக்கு ஆள் இல்லை.

இரண்டு விதிகள். ஒன்று, பெயர்கள் எனக்குத் தெரியக்கூடாது. என்னிடம் எண்ணும் குறையும் மட்டும்தான் இருக்கின்றன. பெயர், விலாசம் உள்ள உறையை மையத்தில் உன்னிடம் தருவார்கள். இரண்டு, விவரங்களைத் தபாலில்தான் எழுத வேண்டும். போனில் சொல்வதை நான் ஆராய்ச்சியில் சேர்க்க மாட்டேன். கடிதத்தில் எழுதுவது எல்லாம் தரவு. எது சேரக்கூடாதோ அதை எழுதாதே.

விழுந்த பிறகு அம்மாவுக்கு நடை எப்படி இருக்கிறது? பாத்ரூமில் ரப்பர் விரிப்பு போட்டாயா? பாசியைத் தேய்க்கச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன்.

பிரியமுள்ள தங்கை,
வினோதினி


அடி அண்ணாமலை
23.6.2025

அன்புள்ள வினு,

இங்கே எல்லோரும் சுகம். உன் மாமாவின் ஆட்டோ இரண்டு நாளாகக் கிளம்பவில்லை, அதைத் தவிர வேறு நோய் நொடி இல்லை. அம்மா நலம்.

பார்சல் வந்தது. இரண்டே நிமிஷத்தில் போனில் சொல்லி முடிக்கிற விஷயத்துக்கு நான் சுக்குக் காபிக் கடையை மூடிவிட்டுத் தபாலாபீசுக்கு நடக்க வேண்டுமாம். நீ பெரிய படிப்பு படிக்கிறாய் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

இருபத்திரண்டு வீடு முடித்துவிட்டேன். இருபத்தோரு பேர் ஐந்து போட்டார்கள். ஆதிமூலம் பெரியப்பா மட்டும் “பாஸ் மார்க் எவ்ளோம்மா?” என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லை என்றேன். “பாஸ் மார்க் இல்லாம என்ன பரீச்ச? இந்தா, மூணு போட்டுக்கோ, தப்பிச்சிடுவ” என்றார். பூக்கடை சரோஜா, அதுதான், சின்னக்கண்ணு மருமகள், நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, கம்பத்து விளக்குக்காக மனு கொடுத்தவள், அவள் ஐந்து போட்டுவிட்டு எனக்கு அரை முழம் மல்லிகையும் கொடுத்தாள்.

உன் வேலை பாதி முடிந்தது என்று வைத்துக்கொள். எங்கள் ஊரில் எல்லோரும் திருப்தியாகத்தான் இருக்கிறார்கள்.

விரிப்பு போட்டாயிற்று. உடம்பைப் பார்த்துக்கொள். வெறும் பிரெட்டைத் தின்று நாளைக் கடத்தாதே.

அக்கா,
தமிழ்செல்வி


புனே
30.6.2025

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கு நல்லபடியாக இருக்கிறதா?

பெயரைச் சொல்லாதே என்று எழுதினேன். நீ பெயர், தெரு, மாமியார் பெயர் வரைக்கும் எழுதியிருக்கிறாய். கறுப்பு மையால் அடித்து அடித்து உன் கடிதம் ரகசியப் போலீஸ் அறிக்கை மாதிரி ஆகிவிட்டது.

அதை விடு. இருபத்திரண்டில் இருபத்தொன்று ஐந்தா? நெறியாளர் பார்த்தால் நானே உட்கார்ந்து நிரப்பினேன் என்பார். நீ பெயர் சொல்லிவிட்ட அந்தப் பூக்காரம்மாவின் குறை, கம்பத்தில் விளக்கு எரியவில்லை என்பது. இப்போது எரிகிறதா? போய் அண்ணாந்து பார்த்துவிட்டு எழுது. எரியாவிட்டால் எதற்கு ஐந்து போட்டார் என்றும் கேள். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுது. நீயாகச் சுருக்காதே.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். விரிப்பின் ஓரம் மடங்காமல் இருக்கிறதா என்று தினமும் பார். வயதானவர்கள் அதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

வினு


அடி அண்ணாமலை
14.7.2025

அன்புள்ள ஆராய்ச்சியாளர் அவர்களுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். பௌர்ணமி முடிந்து நாலு நாளாகிறது, இன்னும் கால் வலி போகவில்லை. கூட்டமான கூட்டம். எட்டுக் குடம் சுக்குக் காபி போட்டேன். அந்த அலுப்போடு உன் விளக்கை அண்ணாந்து பார்க்கப் போனேன்.

எரியவில்லை. கம்பத்தில் பல்பே இல்லை. “ஏன்டி, விளக்கே இல்ல, அஞ்சு போட்டிருக்க?” என்று பெயர் சொல்லக்கூடாத பூக்காரியைக் கேட்டேன். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதுகிறேன், படித்துக்கொள்: “விளக்குக்கு யாருக்கா போட்டாங்க? நீ வந்து கேட்ட. உனக்குப் போயி கம்மியா போடுவனா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பவும் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். எல்லோரும் அதையேதான் செய்திருக்கிறார்கள். மனுவுக்கு யாரும் மதிப்பெண் போடவில்லை. கேட்க வந்த எனக்குப் போட்டிருக்கிறார்கள். நான் நல்லவள் என்பதற்கு ஐந்து. பெரியப்பா போட்ட மூன்றுகூட நான் பெயிலாகிவிடக் கூடாதே என்பதற்காகத்தான்.

இன்னொன்றும் கேள். தெருக்கோடியில் மெஷின் வைத்து ஜாக்கெட் தைக்கிற அம்மா இருக்கிறார்களே, பீபி ஜான் அக்கா என்று நான் சொல்லவில்லை, அவர்கள் குழாயில் மனு கொடுத்த இரண்டாம் நாளே தண்ணீர் வந்துவிட்டது. இன்றைக்கும் நன்றாக வருகிறது. அவர்கள் போட்டது ஒன்று. கை இறுக்கமாகத் தைத்துவிட்டார்கள் என்று நான் நாலு பேர் எதிரில் சொன்னேன் இல்லையா, அந்தக் கோபம். “உனக்கா? ஒண்ணு போடு. ஒண்ணே ஜாஸ்தி” என்றார்கள்.

உன் அறுபது படிவத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் கிரிவலப் பாதையைப் பற்றி ஒன்றும் தெரியாது. எனக்கு யார் வேண்டியவர், யார் வேண்டாதவர் என்பது நன்றாகத் தெரியும்.

அம்மா நலம். இதைத் தபாலில் போட இரண்டு மணி நேரம் கடையை மூடியிருக்கிறேன்.

நொந்துபோன,
தமிழ்செல்வி


புனே
23.7.2025

என் தங்கமான அக்காவுக்கு,

நீ அலுத்துக்கொண்டு எழுதிய கடிதத்தைப் படித்து நான் துள்ளிக் குதித்தேன். நெறியாளரிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். “உங்கள் அக்கா உங்களைவிட நல்ல ஆராய்ச்சியாளர்” என்றார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

இனி மதிப்பெண்ணை நம்ப முடியாது. அதனால் என் வாதத்தை மாற்றிக்கொண்டேன். மையத்திலிருந்தே சிலருக்குப் போன் போட்டு ‘திருப்தியா’ என்று கேட்டிருக்கிறார்கள். முகம் தெரியாத ஆள் கேட்கும்போது யாருக்கும் தாட்சண்யம் இருக்காது. அங்கே சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். ஆகவே போனில் கேட்டு மனுவை மூடுவதுதான் நல்ல முறை என்று எழுதப்போகிறேன்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் வேண்டும். என்னிடம் இருப்பது 37-ஆம் எண். குறை: வீட்டு வாசலில் கால்வாய் மூடி உடைந்து கிடக்கிறது. நான்கே நாளில் தீர்வு. மனுதாரரே போனில் திருப்தி என்று சொன்ன குரல் பதிவாகியிருக்கிறது. அறுபதிலும் இதைப் போல வேறொன்று இல்லை.

நீ அனுப்பிய ஐம்பத்தொன்பது படிவங்களில் 37 மட்டும் இல்லை. விட்டுப்போயிற்றா? அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து நன்றாகப் பேசி எழுது. மூடி போட்ட பிறகு வீட்டில் உள்ளவர்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேள்.

அம்மா தானாக எழுந்து நடக்கிறாளா? ஒவ்வொரு தடவையும் ‘அம்மா நலம்’ என்று இரண்டு வார்த்தைதான் எழுதுகிறாய்.

வினு


அடி அண்ணாமலை
11.8.2025

வினு,

சுகம். ஆடி முடிகிறது, காற்றில் கண்ணைத் திறக்க முடியவில்லை. அம்மா நலம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் வருகிறாள். நான் உப்பு போடுவதைக் குறை சொல்லும் அளவுக்குத் தெம்பு வந்திருக்கிறது.

37-ஆம் வீட்டில் ஆள் இல்லை. இரண்டு முறை பார்த்தேன். வேலைக்குப் போகிறவர்கள். அதற்குப் பதில் 41-ஐ எடுத்துக்கொள்ளேன். அங்கேயும் போன் வந்திருக்கிறது, குப்பைத் தொட்டி விஷயம். அந்த அம்மா நன்றாகப் பேசினாள், மூன்று பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

போனில் சொல்வதெல்லாம் உண்மை என்று ஏன் அவ்வளவு உறுதியாக நினைக்கிறாய்?

தமிழ்செல்வி


புனே
20.8.2025

அக்கா,

நலம்தானே?

41 வேண்டாம். 37 வேண்டும். ஆராய்ச்சியில் வசதிக்கு ஆளை மாற்ற முடியாது. மளிகைக் கடையில் சீரகம் இல்லையென்றால் சோம்பு வாங்கிவருகிற மாதிரி இல்லை இது.

வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார்கள் அல்லவா? இல்லையென்றால் அங்கேயும் அந்த வீட்டாரோடு ஏதாவது ஜாக்கெட் சண்டையா? அப்படியானால் மாமாவை அனுப்பு. செப்டம்பர் பதினைந்துக்குள் அத்தியாயத்தைக் கொடுக்க வேண்டும்.

போனில் பேசும்போது கேட்டால் “அப்புறம் எழுதறேன்” என்று பேச்சை மாற்றுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை லைன் கட்டானது தானாகக் கட்டானதா, நீ வைத்தாயா?

வினோதினி


புனே
3.9.2025

அக்கா,

என் கடிதத்துக்குப் பதில் இல்லை. மாமாவிடம் கேட்டால் எல்லோரும் சௌக்கியம் என்கிறார். கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். உன்னை விட்டால் நான் யார்மேல் எரிந்துவிழுவேன்?

37-க்கு இனி நீ அலைய வேண்டாம். விடுபட்ட இடத்துக்கு மையத்தின் பதிவேட்டில் உள்ளதை எடுத்துக்கொள்ளலாம் என்று நெறியாளர் சொல்லிவிட்டார். மனுதாரரே திருப்தி என்று சொல்லியிருப்பதால் ஐந்து போட்டுவிட்டேன். அத்தியாயமே அதில்தான் தொடங்குகிறது. ‘இந்த வீட்டு வாசலில் இன்று யாரும் தடுக்கி விழும் ஆபத்து இல்லை, காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு’ என்று முதல் வரி எழுதியிருக்கிறேன். நன்றாக இருக்கிறதா?

அம்மா விஷயத்தில் ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதே. நீ மட்டும் அந்தப் பாத்ரூமைத் தேய்த்து வைத்திருந்தால் அம்மாவுக்கு இந்த வயதில் இடுப்பு உடைந்திருக்காது. நடந்தது நடந்துவிட்டது. இனிமேலாவது கவனமாக இரு.

பதில் எழுது.

வினு


அடி அண்ணாமலை
9.9.2025

அன்புள்ள வினு,

எங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பயந்துபோவாய்.

உன் முதல் வரியை அடித்துவிடு.

37-ஆம் எண் நம் வீடு. மனு என் பெயரில் இருக்கிறது. உறையைப் பிரித்த அன்றைக்கே பார்த்துவிட்டேன். மறுநாள் உன்னிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது.

போன வருஷம் நவராத்திரிக்கு முந்தின பௌர்ணமி. மனு கொடுத்து நாலு நாள் ஆகியிருந்தது. சாயங்காலம் கடையில் நாற்பது பேர் நிற்கிறார்கள், காபி பொங்கி அடுப்பில் வழிகிறது, அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. “அம்மா, மையத்துலேர்ந்து பேசறோம். உங்க வாசல்ல கால்வாய் மூடி போட்டாச்சுங்களா, திருப்திங்களா?” என்று ஒரு பெண் கேட்டாள். நான் காலையிலிருந்து கடையில் இருக்கிறேன், வாசலைப் பார்த்தேனா என்ன? “ஆங், திருப்தி, திருப்தி, வைம்மா” என்று சொல்லிவிட்டு வைத்தேன். தாட்சண்யம் எல்லாம் இல்லை, வினு. கேட்கிற ஆளைத் தட்டிக்கழிக்கச் சொல்கிற வார்த்தை அது. உன் ஆராய்ச்சியில் அதற்கு ஒரு இடம் வை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மூடி போடவே இல்லை. மறுநாள் மையத்துக்குப் போனேன். “நீங்களே திருப்தின்னு சொன்னீங்களேம்மா, ரெக்கார்டு இருக்குது” என்றார்கள். என் குரலை எனக்கே போட்டுக் காட்டினார்கள். சுற்றி நாலு பேர் சிரித்தார்கள். வெட்கமாகப் போய்விட்டது. புது மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று இருந்துவிட்டேன்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது அந்தப் பெருமழை பெய்தது. தெருவும் கால்வாயும் ஒரே மட்டமாகத் தண்ணீர் நின்றது. அம்மா பால் வாங்கிக்கொண்டு வந்தாள். எங்கே மூடி இருக்கிறது, எங்கே இல்லை என்று தண்ணீருக்குள் அவளுக்கு எப்படித் தெரியும்?

நம் பாத்ரூமில் பாசி இருந்ததே இல்லை. நான் வாரத்துக்கு இரண்டு முறை தேய்க்கிறவள். ஆஸ்பத்திரியில் உனக்குப் போன் போட்டபோது வாய் தவறிப் பாத்ரூம் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அதையே சொன்னேன். அம்மாவும் உன் மாமாவும் எனக்காக அதையே சொன்னார்கள். நீ லீவு போட்டு வந்த அந்த ஒரு வாரம், வாசலில் ஒரு பழைய கதவைப் போட்டுக் கால்வாயை மூடியிருந்தோம். அதன்மேல் நடந்துதான் நீ உள்ளே வந்தாய். இன்றைக்கும் அந்தக் கதவுதான் கிடக்கிறது. ஒவ்வொரு கடிதத்திலும் நீ விரிப்பைப் பற்றிக் கேட்கும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். கோபம் உன்மேல் இல்லை. என்மேல்தான்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் ஆராய்ச்சியில் சேர்க்க மாட்டேன் என்று நீதானே எழுதினாய்? அதனால்தான் கடையை மூடிவிட்டுத் தபாலில் எழுதுகிறேன். இது தரவு. பெயரை வேண்டுமானால் அடித்துக்கொள்.

படிவத்தையும் நிரப்பியிருக்கிறேன். மதிப்பெண் கட்டத்தை மட்டும் என் கையால் நிரப்ப முடியவில்லை. இன்று காலையில் அம்மாவிடம் போய் உட்கார்ந்து, மற்ற வீடுகளில் கேட்கிற மாதிரியே கேட்டேன். “அஞ்சு போடு” என்றாள். “மூடி இன்னும் வரலம்மா” என்றேன். “மூடிக்கு யாருடி போட்டா? உனக்குப் போட்டேன்” என்று சொல்லிவிட்டு வாக்கரைப் பிடித்து எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

உன் அக்கா,
தமிழ்செல்வி


புனே
17.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம் என்று எழுத வரவில்லை. நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைக் கல்லூரி வாசலில் நின்று படித்தேன். ஒரு வருடமாக உன்னைப் பாசி, விரிப்பு என்று குத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். எல்லாவற்றையும் கேள்வி கேட்பதுதான் என் வேலை என்று பெருமை பேசுகிறவள், நம் வாசலில் எதற்குக் கதவு கிடக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அதன்மேல் பெட்டியை இழுத்துக்கொண்டு போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது. சத்தம்கூடக் கேட்டது.

அத்தியாயம் முழுவதையும் அடித்துவிட்டேன். நெறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “இதுதான் உங்கள் ஆராய்ச்சி, இதை எழுதுங்கள்” என்றார். தேதியை மட்டும் தள்ளிப்போட முடியாதாம். எழுதுகிறேன். முடியாமல் போனால் போகட்டும்.

37-ஆம் எண்ணுக்குத் தனித்தனியாக இரண்டு மதிப்பெண்கள் வைத்திருக்கிறேன். மூடிக்கு, ஐந்துக்கு ஒன்று. அம்மா கொடுத்த ஐந்து தனியாக, அது யாருக்கு என்ற விளக்கத்தோடு. பெயரை அடித்துவிட்டேன்.

ஒரு மாதம் சம்பளம் இல்லாத லீவு கிடைத்திருக்கிறது. 26-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் வந்து இறங்குவேன். அடுத்த பௌர்ணமிக் கூட்டம் வருவதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் மையத்துக்குப் போய்ப் புது மனு கொடுக்கலாம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், நான் பக்கத்தில் நிற்கிறேன்.

மனுவில் உன் போன் நம்பரைப் போடாதே, என் நம்பரைப் போடு. திருப்தியா என்று கேட்டால், வாசலில் போய்ப் பார்த்துவிட்டு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் தங்கை,
வினு